கள்ளிமேட்டில் எடை போடும் முறை

தை மாதம் மூன்றாவது புதன்கிழமை, கள்ளிமேட்டுத் தெருவில் பொன்னியின் மகள் எழிலுக்கு எடை தீர்ந்துபோனது. பிள்ளைக்கு அப்போது இரண்டு வயதும் ஏழு மாதமும். அந்த வாரம் தக்காளி கிலோ முப்பது ரூபாய், சின்ன வெங்காயம் அறுபது, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வரத்து கம்மி. எடை என்பது ஒரே நாளில் தீர்ந்துவிடுகிற சாமான் இல்லை. ரேஷன் அரிசி மாதிரி, மூட்டைக்குள் கைவிட்டுத் துழாவும்போதுதான் அடி தட்டுகிறது தெரியும். முதலில் ஈரமண்ணில் எழிலின் காலடி பதியாமல் போனது. அப்புறம் ஒருநாள் அவள் நின்றுகொண்டிருக்கும்போதே, பாதத்துக்குக் கீழே எறும்புச் சாரை வளையாமல் நேராகப் போனது. அந்தப் புதன்கிழமை காலையில் பொன்னி அவளுக்குத் தலை சீவிவிட்டு, சீப்பை வைத்துவிட்டுத் திரும்பினால், பிள்ளை தகரக் கூரையின் விட்டத்தைப் பிடித்துக்கொண்டு கெக்கெக்கென்று சிரிக்கிறது.

கள்ளிமேடு, அடி அண்ணாமலையைத் தாண்டி, கிரிவலப் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற சின்ன ஊராட்சி. ஒரு யுகத்தில் நெருப்பாகவும், ஒரு யுகத்தில் மாணிக்கமாகவும், ஒரு யுகத்தில் பொன்னாகவும் இருந்துவிட்டு, இப்போது கல்லாக உட்கார்ந்திருக்கிற மலையைப் பார்த்துத்தான் அங்கே எல்லோரும் பல் விளக்குகிறார்கள். அப்படிப்பட்ட ஜனங்கள் ஒரு பிள்ளை நாலடி மேலே இருப்பதற்கெல்லாம் வாயைப் பிளப்பார்களா? "பொன்னி மவ மெதக்கறாளாமே" என்றார்கள். "கரண்டு கம்பி பக்கம் போவாம பாத்துக்கச் சொல்லு" என்றார்கள். மூன்றாவது வீட்டில் ஒட்டடை எடுக்க ஒரு மணி நேரம் பிள்ளையை அனுப்ப முடியுமா என்றுகூடக் கேட்டார்கள். பொன்னி அனுப்பவில்லை. நல்லவேளை.

பொன்னியின் கதையை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. புருஷன் அர்ஜுனன் பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனான். முதல் ஆறு மாதம் பணம் வந்தது, அடுத்த மூன்று மாதம் போன் மட்டும் வந்தது, அதற்கப்புறம் போனும் சுவிட்ச் ஆஃப். அவள் ஆசிரமப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் அறை கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போனாள். காலை ஆறு மணிக்கு ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். அங்கன்வாடி திறப்பதோ பத்து மணிக்கு. நடுவில் இருக்கிற நாலு மணி நேரத்துக்கு இந்த உலகத்தில் ஒரு ஏற்பாடும் இல்லை. அதனால் அவள் தன் பழைய ஊதாப் புடவையை நீளமாகக் கிழித்து, ஒரு முனையைப் பிள்ளையின் இடுப்பிலும் மறுமுனையை ஆட்டுக்கல்லிலும் கட்டிவிட்டுப் போனாள். போகும்போது கதவைச் சாத்தி, ஆட்டோவில் ஏறும்வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். பத்து மணிக்கு அங்கன்வாடி உதவியாளர் ஆராயி வந்து முடிச்சை அவிழ்த்து, பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மையத்துக்குப் போவாள்.

ஒரே ஒரு தடவை முடிச்சு நழுவியது. மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொன்னி துணி காயப்போடும்போது. எழில் கொடியைத் தாண்டி, முருங்கை மரத்தைத் தாண்டி, பாதைக்கு வந்து, மலையை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு நிதானமாக வலம் போக ஆரம்பித்தாள். ஒருவரையும் இடிக்கவில்லை, அவசரப்படவில்லை. நடந்துபோன ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்; ஒரு அம்மா வாழைப்பழம் கொடுத்தாள். டீக்கடை முருகையன், அந்தத் தெருவின் வார்டு மெம்பர், பாலைப் பொங்கவிட்டுவிட்டு மொபெட்டில் துரத்திக்கொண்டு போனான். எந்தப் பக்கம் போனாள் என்று யாரையும் விசாரிக்கத் தேவைப்படவில்லை, வலமாகத்தானே போவாள். குபேர லிங்கத்துக்கிட்டே ஒரு பலூன்காரர் அவளைப் பிடித்து, பத்திரமாக இருக்கட்டும் என்று தன் பலூன்களோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். இரண்டு பேர் விலை கேட்டார்களாம். அவர் மனுசன், இது விற்பனைக்கில்லை என்று சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் மற்றவர்களைவிட முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தவள் ஒருத்தி இருந்தாள். அவள் அங்கன்வாடி டீச்சர் மணிமொழி. நாற்பத்திரண்டு வயது, கீழ்பென்னாத்தூரில் பிறந்து கள்ளிமேட்டில் வாழ்க்கைப்பட்டவள். பிள்ளைகளிடம் குரலை உயர்த்த மாட்டாள், ஒரு முட்டையைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டாள், பதிவேட்டில் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவளுக்கு ஒரே ஒரு பயம்தான், அது சிவப்பு. மாதாமாதம் பிள்ளைகளைத் தொங்கு தராசில் போட்டு எடை எழுத வேண்டும். வயதுக்கேற்ற எடை என்றால் பச்சை, கம்மி என்றால் மஞ்சள், ரொம்பக் கம்மி என்றால் சிவப்பு. எட்டு வருஷமாக மணிமொழியின் மையத்தில் ஒரு சிவப்பும் கிடையாது. அதற்காக அவளை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சில்வர் குடம் கொடுத்திருந்தார்கள். அந்தக் குடத்தில் அவள் ஒருநாளும் தண்ணீர் பிடித்ததில்லை. அலமாரி மேல் வைத்து வெள்ளிக்கிழமை தோறும் துடைப்பாள்.

போன ஐப்பசியில் எழிலின் முள் மஞ்சளுக்கு இறங்கியபோது மணிமொழி பேனாவை எடுக்கவில்லை. அடுத்த மாதம் சரியாகிவிடும், இப்போது எதற்கு வீணாக எழுதிவைப்பது என்று நினைத்தாள். இடது உள்ளங்கையைப் பிள்ளையின் தோளில் வைத்து, அன்பாகத் தட்டிக்கொடுக்கிற மாதிரி, லேசாக அமுக்கினாள். முள் பச்சைக்கு வந்தது. யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி அமுக்க வேண்டியிருந்தது. தையில் எடையே தீர்ந்தபிறகு, ஆராயி பிள்ளையின் காலைக் கீழே இழுத்துப் பிடிக்க, மணிமொழி முழுப் பலத்தோடு அமுக்கினாள். "டீச்சர், இது முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கற கதையா இருக்குது" என்று ஆராயி சொன்னாள். "நீ புடி" என்றாள் மணிமொழி. எழிலுக்கு அது ஒரு விளையாட்டு. ஒவ்வொரு தடவையும் சிரித்தாள்.

ஆனால் அமுக்கிய எடை எங்காவது போய்த்தானே ஆக வேண்டும். அது மணிமொழியின் இடது கையிலேயே தங்கிவிட்டது. மாதாமாதம் அந்தக் கை கனத்துக்கொண்டே போனது. பங்குனியில் அந்தக் கையால் பூ தொடுக்க முடியவில்லை, சித்திரையில் தலைவார முடியவில்லை. ஆனி மாதம் வந்தபோது, பஸ்ஸில் போனால் இடது கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார், தைலம் எழுதிக்கொடுத்தார். மணிமொழி தைலத்தைத் தேய்த்துக்கொண்டாள். என்ன வியாதி என்று அவளுக்குத் தெரியும்.

ஆடி மாதம் கிரிவலம் வந்த ஒரு வெளியூர்க்காரர், தண்ணீர் கேட்கலாம் என்று பொன்னி வீட்டுக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். இடுப்பில் கட்டோடு ஒரு குழந்தை, எதிரில் ஆட்டுக்கல், வீட்டில் ஒரு ஆளும் இல்லை. அவர் போனில் படம் எடுத்துக்கொண்டு, குழந்தைகளுக்கான உதவி எண்ணைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கட்டிப்போட்ட குழந்தையைப் பார்த்தால் கூப்பிடத்தான் வேண்டும். கூப்பிடாமல் போயிருந்தால் அது அல்லவா பாவம். இரண்டு நாளில் குழந்தைப் பாதுகாப்பு அலுவலர் தேவிப்ரியா, தோளில் பையும் கையில் கோப்புமாக, கள்ளிமேட்டுக்கு வந்து இறங்கினாள். சின்னப் பெண், முப்பதுக்குள்தான் இருக்கும், ஆனால் பார்வை கூர்மை.

அவள் முதலில் மையத்துக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்தாள். பிறகு பொன்னி வீட்டுக்கு வந்து, தலையை அண்ணாந்து, விட்டத்துக்கிட்டே மிதந்துகொண்டிருந்த எழிலை நன்றாகப் பார்த்தாள். எழில் அவளுக்கு டாட்டா காட்டினாள். தேவிப்ரியாவும் டாட்டா காட்டிவிட்டு எழுத உட்கார்ந்தாள். படிவத்தில் குழந்தையின் உயரத்துக்கு இடம் இருந்தது. குழந்தை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதற்கு இடம் இல்லை.

"ஓடிப்போவக் கூடாதுன்னு கட்டலீங்க," என்றாள் பொன்னி. "பறந்துபோவக் கூடாதுன்னு கட்டனேன்."

"எனக்குக் கண்ணு நல்லாத்தாம்மா தெரியுது. மெதக்கறா, பாக்கறேன்," என்றாள் தேவிப்ரியா. "ஆனா சென்டர் ரிஜிஸ்டர்ல பதினொரு கிலோ நானூறு கிராம்னு இருக்குது. பச்சை. பதினொரு கிலோ எப்டிம்மா மெதக்கும்? கேச விசாரிக்கற குழு ரெக்கார்டத்தான் பாக்கும். நல்லா இருக்கற புள்ளைய சும்மா கட்டிப்போட்டுட்டுப் போனாங்கன்னுதான் அதுல வரும்."

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குக் குழந்தைகள் நலக் குழு முன்பு பிள்ளையோடு வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கும்படி ஆகுமா என்று பொன்னி கேட்டாள். ஆகலாம் என்று தேவிப்ரியா மறைக்காமல் சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் நன்றாக இல்லை. பொன்னி அழவில்லை. எழிலைக் கீழே இழுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பொன்னி மணிமொழி வீட்டுக்குப் போனாள். சண்டை போட இல்லை, அதுதான் கொடுமை. "டீச்சரம்மா, மாசாமாசம் நீங்கதான தூக்கிவெச்சி எடை பாக்கறீங்க. என்னைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். ரிஜிஸ்டர்ல யாரோ தப்பா ஏத்திட்டாங்க போல. திங்கக்கெழம வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்க பேச்சுக்கு மரியாத இருக்கும்," என்றாள். நாலு முருங்கைக்காயும் கொண்டுவந்திருந்தாள். மணிமொழி அதை வலது கையால் வாங்கிக்கொண்டு, வரேன் என்று தலையை ஆட்டினாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் சாப்பிடவில்லை. தான் எழுதிய பச்சை ஒன்றும் பச்சை இல்லை என்பது அவளுக்கு இப்போது சோற்றுப் பருக்கை மாதிரி தெளிவாகத் தெரிந்தது. சிவப்பு என்று எழுதியிருந்தால் கூடுதல் சத்துமாவு வந்திருக்கும், டாக்டர் பார்த்திருப்பார், வீட்டு நிலவரம் என்ன என்று நாலு பேர் விசாரித்திருப்பார்கள், ஆட்டுக்கல்லுக்கு வேலையே இருந்திருக்காது. ஒரு குடத்தைக் காப்பாற்ற, ஒரு தாயைக் குற்றவாளியாக்கிவிட்டோமே என்று அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டது இடது கையால். மூச்சே நின்றுவிடும்போல் இருந்தது.

திங்கட்கிழமை கள்ளிமேடு முழுக்கக் கிளம்பியது. இரண்டு ஷேர் ஆட்டோ, ஒரு மினி வேன், முருகையனின் மொபெட். பொன்னி எழிலை மடியில் இறுக்கிக்கொண்டு வேனின் நடுவில் உட்கார்ந்தாள். மணிமொழி தராசையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டாள். குழுவின் தலைவி நரைத்த தலையோடு தடித்த கண்ணாடி போட்ட அம்மா. அறைக்குள் பிள்ளை வந்ததும் முதல் வேலையாக ஃபேனை நிறுத்தச் சொன்னாள். அந்த ஒரு காரியத்திலேயே பொன்னிக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. தேவிப்ரியா கோப்பைப் படித்தாள். பதினொரு கிலோ நானூறு என்ற இடம் வந்ததும் தலைவியம்மா அண்ணாந்து பார்த்தாள்; எழில் நின்றுபோன ஃபேனின் றெக்கையில் உட்கார்ந்துகொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எடை போடுங்கள், பார்க்கலாம் என்றாள் அந்த அம்மா.

ஜன்னல் கம்பியில் தராசை மாட்டினார்கள். பிள்ளையைப் பையில் உட்காரவைத்தார்கள். தராசு பிள்ளையைத் தூக்கவில்லை. பிள்ளைதான் தராசைத் தூக்கியது. முள் பூச்சியத்திலிருந்து மயிரளவும் நகரவில்லை.

"அப்போ இந்தப் பதினொண்ணு நானூறு எங்கேருந்தும்மா வந்துது?" என்று தலைவியம்மா கேட்டாள்.

அறையில் எல்லோரும் மணிமொழியைப் பார்த்தார்கள். பொன்னியும் பார்த்தாள், நம்பிக்கையோடு. மணிமொழி பதிவேட்டை மேஜை மேல் வைத்தாள். "என் கைங்க," என்றாள். "பதினொண்ணு நானூறும் என் கைங்க. பச்சை வரணும்னு நான்தான் அமுக்கனேன். பொன்னி பேருல ஒரு தப்பும் இல்லீங்க. எழுதன நான்தான் தப்பு." சொல்லி முடித்ததும், மாதக்கணக்காகக் கனத்துக் கிடந்த அவளுடைய இடது கை, ஒரு பாரமும் இல்லாமல், தன்னால் மேலே எழும்பியது. துணைக்கு வலது கையும் எழும்பியது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கண்ணீரும் மூக்குமாக அவள் நின்றாள். பார்க்கப் போலீஸ் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது என்று முருகையன் பிறகு சொன்னான். மணிமொழிக்கோ குளிர்ந்த தண்ணீரில் குளித்த மாதிரி இருந்தது.

பொன்னி அவளையே பார்த்தாள். கோபம் வந்தது, வராமல் என்ன. ஆனால் அதற்குள் தலைவியம்மா கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, பொன்னியிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டாள். அர்ஜுனன் போன நாளிலிருந்து அந்தக் கேள்வியை ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை. "உனக்கு என்னம்மா வேணும்?"

பொன்னி யோசித்தாள். வீடு வேண்டும் என்று கேட்கலாம், புருஷனைத் தேடித்தரச் சொல்லலாம். "காலைல ஆறு மணிலேருந்து பத்து மணி வரைக்கும்," என்றாள், "எம்புள்ளைய யாராவது புடிச்சிக்கணுங்க. அவ்ளோதாங்க." அப்போதுதான் அழுதாள். வந்திருந்தவர்கள் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். ஒரே தெருவில் இருந்துகொண்டு, ஒட்டடை எடுக்கப் பிள்ளையைக் கேட்டார்களே தவிர, காலையில் பிடித்துக்கொள்ளட்டுமா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

உத்தரவு அன்றைக்கே எழுதப்பட்டது. குழந்தை தாயோடுதான் இருக்க வேண்டும். அரசின் ஆதரவுத் தொகை மாதாமாதம் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். கள்ளிமேடு மையத்தை ஆறு மணிக்குத் திறக்க மேலே எழுதப்படுகிறது. அனுமதி வரும்வரை ஊராட்சி பொறுப்பேற்க வேண்டும். மணிமொழிக்கு மெமோ. குடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வேலையில் இருக்கலாம், ஆனால் இனிமேல் பத்து பேர் பார்க்கத்தான் எடை போட வேண்டும். மணிமொழி மறுநாள் பஸ் பிடித்துப் போய்க் குடத்தைக் கொடுத்துவிட்டு, திரும்பி வரும்போது இரண்டு முழம் பூ வாங்கி, இரண்டு கையாலும் தலையில் வைத்துக்கொண்டாள். பொன்னி அவளோடு மூன்று வாரம் பேசவில்லை. அது நியாயம்தான்.

ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் விஷயம் வந்தது. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, தெருவிளக்கு, சாக்கடை எல்லாம் பேசி முடித்தபிறகு, பதினொன்றாவது பொருளாக எழில். ஊர்ப் பிள்ளையைப் பிடிக்கிறது ஊராட்சி வேலையா என்று ஒருவர் கேட்டார். அதை நூறு நாள் வேலையில் சேர்க்க முடியுமா என்று இன்னொருவர் கேட்டார். அவரவர் பிள்ளையை அவரவர் பார்த்துக்கொண்டால் போதாதா என்று பின்வரிசையில் ஒரு குரல் வந்தது. ஆராயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"தேரு வடம் புடிக்க மட்டும் முண்டியடிச்சிக்கினு போறீங்களே, அம்மாம் பெரிய தேர இழுக்கற கைக்கு, பாவாட நாடா கனம்கூட இல்லாத புள்ளையப் புடிக்க வலிக்குதா? புண்ணியம் டவுனுக்குப் போனாத்தான் கெடைக்குமா?"

சபை சிரித்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. குழந்தை எழிலின் இடுப்புக் கயிற்றைக் காலை ஆறு முதல் பத்து வரை வீட்டு முறைப்படி பிடிப்பது. கல்லிலோ கம்பத்திலோ கட்டக்கூடாது, மனிதக் கையில்தான் இருக்க வேண்டும். முறை தவறும் வீடு மறுநாள் இரட்டையாகப் பிடிக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் தலைவர், வார்டு மெம்பர்கள், நூற்றுப் பதினேழு பேர் கையெழுத்து. பொன்னி கடைசியாகப் போட்டாள்.

அப்புறம் நடந்ததை ஊரே திருவிழா மாதிரி வைத்துக்கொண்டது. ஆறு மணிக்கு முருகையன் கடை. எழில் பால் பாய்லருக்கு எட்டாத உயரத்தில் மிதந்துகொண்டு, டீ குடிக்க வந்தவர்கள் தலையில் எத்தனை வழுக்கை என்று எண்ணுவாள்; அதனாலேயே கடையில் கூட்டம் கூடியது. ஏழு மணிக்குப் பூக்காரம்மா வீடு, எட்டுக்குத் தையல் கடை. தீபாவளிக்குள் முறை போதவில்லை. எங்கள் வீட்டுக்கு எப்போது வரும், இரண்டு தடவை அவர்களுக்கே போட்டீர்களே என்று சண்டை வந்தது. பின்வரிசையில் குரல் கொடுத்தவர்தான் இப்போது முதல் ஆளாக வந்து நின்றார். டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். சத்துமாவு உருண்டை, முட்டை, வேர்க்கடலை எல்லாம் கயிற்றோடு சேர்ந்து வீடு வீடாகப் போனது. கோபித்துக்கொண்டிருந்த பொன்னிகூட ஒருநாள் மையத்து வாசலில் நின்று, "டீச்சரம்மா, ரெண்டு கிராம் ஏறி இருக்காளான்னு பாருங்களேன்" என்றாள்.

மணிமொழி புதன்கிழமைகளில் மையத்து வாசலில், பத்து பேர் பார்க்க, பிள்ளையைத் தராசில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள். அமுக்கவில்லை என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டுமே. இப்போது பதிவேட்டில் சிவப்பாகவே எழுதினாள், வெட்கப்படாமல். ஆவணியில் நாற்பது கிராம். புரட்டாசியில் முந்நூறு. கார்த்திகையில் மூன்றரை கிலோ. தலைக்கு மேல் மிதந்தவள் இடுப்பளவுக்கு இறங்கினாள். மார்கழியில் முழங்கால். மணிமொழி ஒரு விஷயத்தைக் கவனித்தாள். முட்டைக்கு இவ்வளவு, மாவுக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்று கழித்துப் பார்த்தாலும், ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் எடை கணக்குக்கு அடங்காமல் மிஞ்சியது. காரணம் எழுதுகிற கட்டத்தில் அவள் 'தெரு' என்று எழுதினாள். தேவிப்ரியா வந்து அதைப் படித்துவிட்டு, பச்சை மையால் டிக் போட்டாள். போகும்போது பஸ் வரும்வரைக்கும் கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுபடியும் தை வந்தது. ஊராட்சி கள்ளிமேட்டுத் தெருவுக்கு சிமென்ட் ரோடு போட்டது. கொத்தனார் காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் கரணையால் இழைத்து, கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருந்தார். சாயங்காலம் மையம் விட்டபிறகு, டீக்கடையில் முருகையன் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு, எதிரில் வேலையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்து எழில் ஓடினாள். மிதக்கவில்லை, ஓடினாள். ஈர சிமென்ட்டில் சதக் சதக்கென்று ஆறு அடி. "அய்யய்யோ, எவ பெத்த புள்ளடா இது, எம் ரோட்ட நாசம் பண்ணிச்சே!" என்று கத்திக்கொண்டு எழுந்த கொத்தனார், எந்தப் பிள்ளை என்று பார்த்தார். பார்த்துவிட்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த ஆறு காலடியும் கலையாமல், சுற்றிலும் மட்டும் கரணை போட்டு இழைத்தார். பொன்னி நடுத்தெருவில் மண்டியிட்டு, சிமென்ட் ஒட்டிய அந்தக் காலைத் தூக்கித் தூக்கிக் கொஞ்சினாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று கேட்டால், ரெண்டும்தான்.

அடுத்த புதன்கிழமை தெருவே மையத்து வாசலில் நின்றது. மணிமொழி எழிலைத் தராசில் வைத்து, கையை எடுத்து, தலைக்கு மேல் தூக்கினாள். முள் ஒரு ஆட்டம் ஆடி, பச்சையில் போய் நின்றது. பன்னிரண்டு கிலோ இருநூறு. யாருடைய கையும் இல்லாத பன்னிரண்டு கிலோ இருநூறு. முருகையன் அன்றைக்கு முழுக்க டீக்குக் காசு வாங்கவில்லை. பொன்னி வந்து மணிமொழியின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவே இல்லை.

ஆறு மணி அனுமதி சித்திரையில் வந்தது. காலை வேளைக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பொன்னியையே போட்டார்கள். ஷேர் ஆட்டோவை அவள் இப்போது பிடிப்பதில்லை. அதற்குப் பிறகும் கள்ளிமேட்டில் பிள்ளைகள் அவ்வப்போது எடை குறைவதுண்டு. தையல்காரர் கீழே விழுந்து கால் முறிந்த மாதம் அவருடைய இரட்டைப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைந்தது. குடிகார அப்பன் ஒருத்தன் வீட்டில் அடிக்கடி குறைகிறது. ஆனால் கூரை வரைக்கும் போக யாரும் விடுவதில்லை. பொன்னி தினமும் காலையில் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, பாதத்துக்குக் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விட்டுப் பார்க்கிறாள். தாள் தடையில்லாமல் அந்தப் பக்கம் வந்துவிட்டால், பத்து மணிக்குள் அந்த வீட்டுக்கு ஆள் போய்விடும். சாயங்காலத்துக்குள் முறைப்பட்டியலும் எழுதிவிடுவார்கள். போன வருஷம் மேலேயிருந்து வந்த புதுப் படிவத்தில், வயது, எடை, உயரம் என்பதற்குக் கீழே 'பாதம் தரையில் படுகிறதா: ஆம், இல்லை' என்று ஒரு கட்டம் அச்சாகியே வந்தது. அதைப் பற்றி எந்த ஊரிலும் யாரும் சந்தேகம் கேட்டதாகத் தெரியவில்லை.

எழில் இப்போது ஒன்றாம் வகுப்பு. தூக்கினால் இடுப்பு விட்டுப்போகிறது என்று ஆராயி அலுத்துக்கொள்கிறாள். மணிமொழி இன்னும் புதன்கிழமை தோறும் வாசலில் தராசை மாட்டி, பிள்ளையை வைத்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குகிறாள். பாதையில் போகிற வெளியூர் ஜனங்கள், அந்த அம்மா மலையைக் கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, தாங்களும் நின்று, பையைத் தோளில் ஏற்றி, இரண்டு கையையும் தூக்கி, "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்கிறார்கள். தராசில் இருக்கிற பிள்ளையும் கையைத் தூக்குகிறது. மணிமொழி யாரையும் திருத்துவதில்லை. முள் நிற்கிறவரைக்கும் பொறுத்திருந்து, எடையை எழுதிக்கொண்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிடுகிறாள்.